ஆரோமலேயும் மன்னிப்பாயாவும்: ஒரு தேவிகுளத்தான் பார்வை

தேவிகுளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 1956 நவம்பர் 1இல் மொழிவாரியாக எல்லைகள் பிரிந்தபோது, குமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. 1958 இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் வரதராசன் இங்கே வந்து தமிழில் பாடி ஓட்டுக் கேட்ட கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மலையாள வேட்பாளருக்குத் தமிழ்ப் பாட்டு! ஆகவே, தமிழ்ப் படத்தில் மலையாளப் பாட்டு வந்தபோது ஊரெல்லாம் வியந்தாலும் எனக்கு அது புதுமையாகப் படவில்லை.

2010 பிப்ரவரியில் வெளிவந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தைச் சொல்கிறேன். இயக்குநர் கௌதம் மேனன் ஒற்றப்பாலத்தில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். தந்தை மலையாளி, தாய் தமிழர். கதையும் அப்படியே: தமிழ்ப் பையன், மலையாளக் கிறிஸ்தவப் பெண். ஏ.ஆர். ரகுமான் இசையில் கைதப்பிரம் எழுதி, அல்போன்ஸ் ஜோசப் பாடிய 'ஆரோமலே' மலையாளமாகவே வந்தது. தெலுங்குப் பதிப்பிலும் அதை மாற்றவில்லை.

இந்தப் பாட்டை "மொழி தெரியாமலே உருக வைக்கிறது" என்று பலரும் புகழ்ந்தார்கள். எனக்கு இந்தப் புகழ்ச்சியில்தான் சங்கடம். கிட்டாரின் விம்மலுக்கு மேல் ஒரு தனிக்குரல் ஏங்குகிறது. ராகம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் படத்தில் ஜெஸ்ஸி காதலிப்பதும் சண்டை போடுவதும் தமிழில்தான். அவளுடைய மொழி, நாயகனின் ஏக்கத்துக்குப் பின்னணியாக, மலையில் மூடுபனி மாதிரி வந்து போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேசும் மொழி பனியாக இருக்க முடியுமா? ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் நாம் அன்றாடம் பேசுகிற மொழியல்லவா அது? புரியாததால் இனிக்கும் மொழி என்று அதை நம்மால் கேட்க முடியாது.

இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழாக்கிப் பாட வைத்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டதில் ஒரு மரியாதை இருக்கிறது. குறை பாட்டில் இல்லை, படத்தில்தான். மலையாளத்தைப் பாட விட்டவர்கள் கொஞ்சம் பேசவும் விட்டிருக்கலாம்.

எனக்குப் பெரிய பாட்டு அதே படத்தின் 'மன்னிப்பாயா'. தாமரை எழுதியது, ரகுமானும் ஸ்ரேயா கோஷலும் பாடியது. அதற்குள் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறள் வருகிறது. "அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கும் குறளைக் காதல் பாட்டில் செருகலாமா?" என்று நம் சங்கத்துத் தமிழாசிரியர் ஒருவர் என்னிடமே கேட்டார். கேள்வி நியாயமானது. வள்ளுவர் அங்கே பேசுவது இல்லறத்தான் தன்னைச் சார்ந்தவர்கள்மேல் வைக்கும் அன்பு. ஆனால் அந்தக் குறளின் உயிர் கண்ணீரில் இருக்கிறது: மறைத்தாலும் கண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும். பிரிந்துபோனவள் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் அது ஒட்டுப்போட்டதாக இல்லை, பொருந்தித்தான் நிற்கிறது.

அப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு. மலையாள மீடியம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. டி.வி.யில் பாட்டு ஓடும்போது கேட்டாள்: "அப்பா, இந்தத் தாழுங்கறது நம்ம பூட்டுதானே? மலையாளத்துல தாழுன்னா பூட்டு."

நான் திகைத்துப்போனேன். அன்றாடத் தமிழில் 'தாழ்ப்பாள்' என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் மிஞ்சியிருக்கும் 'தாழ்', மலையாளத்தில் இன்றும் தனிச்சொல்லாகப் புழங்குகிறது. உரை தேவைப்படும் என்று நான் நினைத்த சொல்லை, தமிழ் படிக்காத பிள்ளை மலையாளத்தின் வழியாகப் பிடித்துவிட்டாள். அதற்காக நான் பெருமைப்பட்டேன். அவளால் அதைப் படிக்க முடியவில்லையே என்று வெட்கமும் பட்டேன்.

மறுநாள் அந்தக் குறளை அவள் நோட்டில் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள், காதால் கேட்டபடி. அதன் கீழே நான் தமிழில் எழுதினேன். "இதைப் பாத்து எழுதும்மா" என்றேன். எங்கள் வீட்டில் தமிழ் எழுத்துப் பாடம் அப்படித்தான் தொடங்கியது.

சினிமாப் பாட்டு தமிழை வளர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பாட்டு காதுக்குள் கொண்டுவந்து வைக்கும். கைக்குக் கொண்டுபோவது பெற்றவர்கள் வேலை. வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் முணுமுணுக்கும் பாட்டு எது என்று கொஞ்சம் காது கொடுங்கள். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் படிக்கும் மொழி நமக்கு எதிரியில்லை. பல நேரம் சாவி அதனிடமே இருக்கிறது.