பட்டத்தின் விலையும் பட்டதாரியின் சம்பளமும்

ஒரு மாணவனைச் சர்வகலாசாலையில் நான்காண்டு படிப்பிக்க அரசாங்கத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? படித்து வெளியேறியவன் சம்பாதிப்பது எவ்வளவு? இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் இட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். நாட்டுக்கு நெருக்கடி நேரும்போதெல்லாம் இந்தத் தராசு வெளியே எடுக்கப்படும். 2022ஆம் ஆண்டில் நாடு வங்குரோத்து நிலையை அடைந்த பின்னர் அதன் ஓசை முன்னிலும் உரத்துக் கேட்கிறது.

தராசைத் தூற்றிவிட்டுப் போவது நமது நோக்கமன்று. பொதுப் பணம் எங்கே செல்கிறது என்று கேட்பது உழைக்கும் மக்களின் உரிமை. ஆனால், படிக்கல்லைச் செதுக்கியவர் யார் என்று கேட்பதும் அதே உரிமையின் பாற்பட்டதே.

இத்தராசு நம் நாட்டில் செய்யப்பட்டதன்று. 1960ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பொருளியலாளர் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், கல்விக்கான செலவை ஒரு முதலீடாகக் கருத வேண்டும் என்று தியோடர் ஷூல்ட்ஸ் வாதிட்டார். 1964இல் கேரி பெக்கர் எழுதிய 'மனித மூலதனம்' என்னும் நூல் அக்கருத்துக்குக் கணித வடிவம் கொடுத்தது. முறை எளிதானது. படிப்புக்கான செலவோடு, படிக்கும் ஆண்டுகளில் உழைக்காமல் விட்ட கூலியையும் கூட்டுவது, பட்டதாரியின் வாழ்நாள் வருமானத்திலிருந்து பட்டம் பெறாதவனின் வருமானத்தைக் கழிப்பது, மிச்சத்தை வட்டிவீதமாக்குவது. உலக வங்கி 1986இல் வெளியிட்ட கல்வி நிதி பற்றிய அறிக்கையில் இக்கணக்கு கொள்கையாகவே மாறிற்று. ஆரம்பக் கல்வி அதிக ஆதாயம் தருகிறது. ஆகவே உயர்கல்வி பெறுவோரிடம் கட்டணம் அறவிடுக என்பது அதன் சாரம்.

இக்கணக்கை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். இங்கே கலைப்பீடப் பட்டதாரிகளுட் பெருந்தொகையினர் அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர். அரசாங்க உத்தியோகத்தின் சம்பளத்தைச் சந்தை தீர்மானிப்பதில்லை; ஒரு சுற்றுநிருபம் தீர்மானிக்கிறது. 2020ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் பல்லாயிரவர் மாதம் 20,000 ரூபாக் கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அத்தொகையை வைத்து அவர்கள் கற்ற வரலாற்றையும் தமிழையும் புவியியலையும் மதிப்பிட்டால், நாம் அளப்பது அவர்களின் கல்வியையா, திறைசேரியின் கையிருப்பையா? பட்டதாரி ஆசிரியர்களுக்குச் சம்பளத் திட்டம் ஒன்றே. பௌதிகம் படிப்பிப்பவரும் இலக்கியம் படிப்பிப்பவரும் ஒரே படிநிலையில் நிற்கின்றனர். ஆய்வுகூடம் வேண்டாத கலைப்பீடத்தில் செலவு குறைவு. அப்படியானால் இத்தராசின்படி பௌதிக ஆசிரியரைவிட இலக்கிய ஆசிரியரே நல்ல முதலீடு! கலைப்பீடங்களைச் சுருக்கச் சொல்லும் கனவான்கள் தம் கணக்கின் இந்த வரியை மட்டும் உரத்து வாசிப்பதில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாயிற்று. அந்த இரண்டு மாதங்களில் எந்த விரிவுரை மண்டபத்திலும் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் உலகச் சந்தையில் இலங்கைப் பட்டதாரியின் 'மதிப்பு' பாதிக்குக் கிட்டக் கரைந்துபோயிற்று. அதன் பின் விமானமேறிய வைத்தியர்கள் எத்தனை பேர்! இங்கிலாந்தின் ஆஸ்பத்திரியொன்றில் அவர்கள் பெறும் சம்பளத்தைத் தட்டில் இட்டால் நமது வைத்தியபீடங்கள் பொன் விளையும் பூமியாகத் தோன்றும். விளைந்த பொன் யாருக்கு? பயிற்றிய செலவு நமது. வரியும் சேவையும் அந்நாட்டுக்கு. நாட்டைவிட்டுப் போனவன் இலாபமாகவும், கிராமத்து ஆஸ்பத்திரியில் தங்கியவன் நட்டமாகவும் எழுதப்படும் ஏட்டை நாம் எப்படி நம்புவது?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இக்கணக்கில் வருங்காலத்து ரூபாவுக்கு இன்றைய மதிப்பு இல்லை. பத்து வீதம் கழித்தால், முப்பது ஆண்டுக்குப் பின் கிடைக்கும் 100 ரூபா இன்று ஆறு ரூபாவுக்கும் குறைவு. ஆசிரியத் தொழிலின் விளைச்சலோ முப்பது ஆண்டுக்குப் பிறகுதான் வீடு வந்து சேர்கிறது.

நமது துறையிலிருந்தே ஓர் உதாரணம் காட்டுவோம். அறுபதுகளில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சர்வகலாசாலை மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறிற்று. 'இராவணேசன்' பின்னர் வந்தது. கிராமத்தார் விடிய விடிய வட்டக்களரியில் ஆடியதை, படித்தவர்கள் முகஞ்சுழித்த கலையை, மாணவர்கள் கால்களிற் சதங்கை கட்டி ஆடிக் காட்டினார்கள். நமது நாடக உலகின் போக்கையே அது திருப்பிவிட்டது. ஆடிய மாணவர்களின் பிற்காலச் சம்பளப் பட்டியலில் இதற்கு எத்தனை ரூபா? தன் கிராமத்துக் கலை இழிந்ததல்ல என்று அறிந்த உழவனின் நிமிர்வை எந்த நிரலில் எழுதுவது? கைலாசபதியும் சிவத்தம்பியும் அதே பேராதனையிற் கற்றவர்கள்தாம். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் கைலாசபதி. ஈழத்து விமர்சனத்தின் ஒரு தலைமுறையே அவ்விருவரிடமிருந்து கிளைத்தது. அவர்கள் வாங்கிய சம்பளமோ ஓர் ஏற்றுமதிக் கொம்பனியின் நடுத்தர முகாமையாளனுக்கும் போதாதது.

இம்மட்டும் நமக்கு எளிது. இனிச் சொல்ல வேண்டியது அவ்வளவு எளிதன்று.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதமொன்று உண்டு. 1969இல் ஹேன்சன், வைஸ்பிராட் என்னும் இருவர் கலிபோர்னியா மாநிலத்தை ஆராய்ந்து, அங்குள்ள பொதுச் சர்வகலாசாலைகள் ஏழையின் வரியை எடுத்து வசதி படைத்தவனின் பிள்ளைக்குக் கொடுக்கின்றன என்றார்கள். அடுத்த ஆண்டே ஜோசப் பெக்மன் அதே தரவுகளை வேறு விதமாகக் கணக்கிட்டு மறுத்தார். கலிபோர்னியாவின் வழக்கு எவ்வாறாயினும், நம் நாட்டில் இக்கேள்வியைக் 'கல்வி எமது உரிமை' என்ற கோஷத்தால் மூடிவிட முடியாது.

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை இலவசக் கல்வி வந்தது. அது நமது மண்ணில் நடந்த பெருமாற்றம், ஐயமில்லை. ஆனால் அந்நாளில் அரச வருவாயின் பெருந்தூண்களுள் ஒன்று தேயிலை. கொழுந்து பறித்த கைகளின் பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டன. எழுபதுகளிலேதான் அவை அரசாங்கத்தின் கீழ் வந்தன. இடையில் 1948இல் அம்மக்களின் பிரஜாவுரிமையும் பறிபோயிற்று. ஹந்தானைச் சரிவில் கொழுந்து கிள்ளிய தாய், கீழே பேராதனையின் மண்டபங்கள் எழுவதைப் பார்த்திருப்பாள். அம்மண்டபங்களுக்கு அவளும் பணம் கொடுத்தாள். அவள் மகனுக்கு அங்கே இடமிருக்கவில்லை. இன்றும் நம் வரிகளுட் பெரும் பகுதி மறைமுக வரியே. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. லயத்தில் வாழ்பவள் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும் அது இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குத் தனியார் வகுப்பென்னும் இன்னொரு கட்டணம் இருப்பதையும் ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்களல்லர். நம்மிற் சிலர் அதைப் பெறுகிறவர்களுங்கூட.

இதற்கு மருந்து கட்டணமா? இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 1998இல் ஆயிரம் பவுண், 2012இல் ஒன்பதாயிரம் பவுண் வரை. கடனை முப்பது ஆண்டுகளில் தீர்க்காவிடின் தள்ளுபடி. 2023க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு நாற்பது ஆண்டுகள். தீராத கடன் மீண்டும் அரசின் தலையிலேயே விழுகிறது. மாணவனோ பாடத்தைத் தேர்வதற்கு முன் தவணைப் பணத்தை எண்ணுகிறான். கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு அத்தகைய கடன் எதைத் திறந்துவிடும்? உழைக்கும் பட்டதாரியிடமிருந்து திரும்பப் பெற வருமான வரி என்னும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதை உயர்ந்த வருமானத்தின் மேல் ஒழுங்காக இறக்க மனமில்லாதவர்களே மாணவனின் சட்டைப்பையைத் தேடுகிறார்கள்.

எனவே தராசை எடுப்பவர்களிடம் நாம் வேறொரு கணக்கைக் கேட்கிறோம். சர்வகலாசாலைக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினருக்கே இடம் கிடைக்கும் நாட்டில், அந்த நாலில் ஒருவர் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள்? எத்தனை தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பு நடக்கிறது? வன்னியில் எத்தனை பாடசாலைகளில் கணித ஆசிரியருக்குரிய கதிரை வெறுமையாகக் கிடக்கிறது? இவற்றை மாவட்டம் மாவட்டமாக எழுதி வெளியிடட்டும். பட்டதாரியின் சம்பளத்தைப் பற்றி அதன் பின் பேசுவோம்.