வில்லன் சிருஷ்டியும் காலத்தின் பங்கும்

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் உலகில் இன்றும் நிலைபெற்று நிற்கும் வில்லன்களின் பிறந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஜோக்கரும் லெக்ஸ் லூதரும் 1940இல் தோன்றியவர்கள். டாக்டர் டூம் 1962இலும், மாக்னீட்டோ 1963இலும், தானோஸ் 1973இலும் வந்தவர்கள். 1988இல் முழு உருவம் பெற்ற வெனமையும், 1993இல் பேட்மேனின் முதுகை முறித்த பேனையும் சேர்த்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு தோன்றியவர்களில், அட்டைப்படத்தைக் கண்ட மாத்திரத்தில் சாதாரண வாசகனும் பெயர் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. இதற்குக் கற்பனை வறட்சியே காரணம் என்று தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமாகாது.

ஜோக்கரின் ஜனனத்தையே எடுத்துக்கொள்வோம். 'பேட்மேன்' முதல் இதழில், தன் கத்தியே மார்பில் பாய்ந்து அவன் மடிவதாகத்தான் முதலில் கதை வகுத்திருந்தார்கள். இத்தகைய பாத்திரத்தைக் கொன்றுவிடலாகாது என்று ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டதன் பேரில், அவன் பிழைத்துவிடுவான் என்று தெரிவிக்கும் ஒரே ஒரு கட்டம் அவசரமாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் கட்டம் அளித்த ஆயுளில் அவன் கொலைகாரனாகவும், பின்பு குறும்புக்காரக் கோமாளியாகவும், 1973இல் டென்னிஸ் ஓ'நீல், நீல் ஆடம்ஸ் இருவர் கையில் மீண்டும் கொலைகாரனாகவும் மாறி மாறி வளர்ந்தான். பிறக்கும்போதே அவன் மகத்தானவன் அல்லன். பலர் பலமுறை திரும்ப அழைத்ததனாலேயே மகத்துவம் எய்தினான்.

இன்றைய வழக்கமோ, சில இதழ்களில் முடிந்து தனி நூலாகத் தொகுக்கப்படும் தொடர்கதையையே ஆதாரமாகக் கொண்டது. இதனால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. 2012இல் ஜேசன் ஆரனும் எசாட் ரிபிக்கும் தொடங்கிய தார் கதையில் வரும் கோர், வேண்டிய தெய்வங்கள் செவிசாய்க்காமல் குடும்பத்தைப் பறிகொடுத்து, அந்தத் துயரத்தாலேயே தெய்வங்களைக் கொல்லப் புறப்பட்டவன். அவனுடைய வாதம் தாரின் நெஞ்சிலேயே சந்தேகத்தை விதைத்துவிடுகிறது. ஸ்காட் ஸ்னைடரும் கிரெக் கபுல்லோவும் 2011இல் தொடங்கிய கதையில் ஆந்தைகளின் சபை பேட்மேனைச் சுரங்கப் புதிர்ப்பாதையில் அடைத்துச் சித்தம் கலங்கச் செய்யும்போது, பக்கங்களும் படிப்படியாகச் சாய்ந்து தலைகீழாகிவிட, வாசகனும் புத்தகத்தைச் சுழற்றிச் சுழற்றிப் படிக்க நேர்கிறது. இந்தக் கட்டுக்கோப்பு பழைய மாதக் கதைகளில் அரிது.

ஆயினும், ஒரே கதையில் உச்சத்தைத் தொட்டுவிட்ட வில்லனுக்கு அடுத்த கதையில் செய்வதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை என்பதே இம்முறையின் பெருங்குறை. 1992இல் சூப்பர்மேனையே கொன்ற டூம்ஸ்டே, அதற்கு ஈடான செயல் எதையும் பிறகு செய்ய இயலாதவனானான். ஒரு நகரை அச்சுறுத்துபவன் போதாமல் உலகையும், உலகை அச்சுறுத்துபவன் போதாமல் பிரபஞ்சங்களையும் அழிப்பவனைத் தேடி எழுத்தாளர்கள் ஓடுகிறார்கள். அளவு பெருகப் பெருக, வில்லனின் முகம் மங்கிப்போகிறது.

இன்னொரு காரணம் உரிமை பற்றியது. சிருஷ்டித்த பாத்திரம் நிறுவனத்தின் சொத்தாகிவிடும் ஒப்பந்தத்தின் கீழ், தன் சிறந்த கற்பனையை ஓர் எழுத்தாளன் ஏன் ஒப்படைக்க வேண்டும்? 1992இல் ஏழு ஓவியர்கள் மார்வெலை விட்டு வெளியேறி இமேஜ் காமிக்ஸை நிறுவியபின் மாற்றுவழி ஒன்று திறந்தது. அங்கே 2003இல் ராபர்ட் கிர்க்மேனும் கோரி வாக்கரும் படைத்த 'இன்வின்சிபிள்' கதையில்தான், கதாநாயகனின் தந்தையாகவே இருந்து பகைவனாக வெளிப்படும் ஆம்னி-மேன் உருவானான். படைத்தவர் கையிலேயே நெடுங்காலம் வளர முடிந்ததால், அந்தத் துரோகத்தின் விளைவுகளையும் அவனுடைய மனமாற்றத்தையும் இறுதிவரை பின்தொடர முடிந்தது.

ஆகவே, பெரிய நிறுவனங்கள் மேலும் பயங்கரமான வில்லன்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. புதியவன் ஒருவனைச் சாதாரணக் கதைகளில் சிறு தோல்விகளோடு பலமுறை வரவிட்டு, அவனைப் படைத்தவருக்கு நியாயமான பங்கும் தந்தால், எல்ஸ்வொர்த் அன்று காட்டிய தயவு இன்றைய பாத்திரங்களுக்கும் கிட்டும்.