சுவரற்ற எல்லைகள்

வரவேற்பும் உணவும் சமையலும் ஒரே கூடத்துக்குள் அடங்கும்படி இடைச்சுவர்களை நீக்கிக் கட்டும் முறை, கல்பாக்கத்து அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பாகிய அணுபுரத்தைச் சூழ்ந்த பகுதிகளிலும், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் எழும் புதிய வீடுகள் பலவற்றில் வேரூன்றி வருகிறது. சுவர் போனபின், இன்ன இடம் இன்ன காரியத்துக்கு என்பதைத் தரைவிரிப்பாலும், ஒரு படி உயர்த்திய தளத்தாலும், ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த விளக்கு வரிசையாலும் குறிப்பால் உணர்த்துகிறார்கள். இதன் குணதோஷங்களை ஆராயப் புகுவோர், இத்தகைய எல்லை எதைத் தடுக்க வல்லது, எதைத் தடுக்க மாட்டாது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குதல் நலம்.

குறிப்பால் எல்லை வகுக்கும் கலை நமக்குப் புதிதன்று. மாமல்லபுரத்தின் மகிஷாசுரமர்த்தினி குகையில், முகப்புத் தூண்களைக் கடந்து உட்சென்றால், நடுக் கருவறைக்கு முன்னே தளத்தைச் சற்றே உயர்த்தி, சிங்க உருவை அடியாகக் கொண்ட தூண்களை நிறுத்தி, அவ்விடத்தின் தனிப் பெருமையைச் சுவரின்றியே பல்லவச் சிற்பி புலப்படுத்தியிருக்கிறான். ஆயினும் கருவறைக்குச் சுவரும் வாயிலும் வகுக்க அவன் மறந்தானில்லை. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காணும் பழைய தமிழ் வீடுகளும் இதையே மொழிகின்றன. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம் என்று வெளியிலிருந்து உள்ளே படிப்படியாகச் செல்லும் அந்த வரிசையில் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் தூண்களே பிரிக்கின்றன. அடுக்களையோ தனிச் சுவருக்குள் ஒதுங்கி நிற்கிறது.

மேலை நாட்டிலும் இதற்கு நிகரான சான்று உண்டு. செக் நாட்டின் பர்னோ நகரில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1930-இல் கட்டி முடித்த துகெந்தாட் இல்லம், திறந்த அமைப்புக்கு இலக்கணமாகப் போற்றப்படுவது. அங்கே படிப்பிடத்தையும் அமர்விடத்தையும் ஓர் ஓனிக்ஸ் கற்பலகை பிரிக்கிறது. உணவு மேசையை வளைந்ததொரு கருங்காலிப் பலகை அணைத்து நிற்கிறது. ஆனால் அந்த இல்லத்திலும் சமையலறை இப்பெருங்கூடத்துக்குள் கலந்துவிடவில்லை.

இம்முறையின் நன்மைகள் மெய்யானவை. பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று ஒரு சன்னலில் நுழைந்து மறு சன்னலில் வெளியேற வழி கிடைக்கிறது. சிறிய மனையும் விசாலமாகத் தோன்றுகிறது. அடுப்படியில் நிற்பவரால் வீட்டாரின் உரையாடலிலிருந்து விலக்கப்படாமல், விளையாடும் குழந்தையையும் கண்காணிக்க முடிகிறது. ஆனால் உணவிடத்தை அமர்விடத்திலிருந்து பிரிக்க ஓர் ஆளுயர அலமாரியை நிறுத்துவோர், காற்றையும் வெளிச்சத்தையும் மறித்து, சுவரை எடுத்த பிரயோஜனத்தையே இழக்கிறார்கள். அவ்விடத்துக்கு மரச்சட்டத் தட்டியோ இடுப்பளவுத் திட்டோ போதுமானது.

குறைகளும் அற்பமானவையல்ல. தரைவிரிப்பு காலுக்கும் கண்ணுக்கும் எல்லை சொல்லுமேயன்றி, மிளகாய் தாளிக்கும் நெடிக்கும் மிக்ஸியின் இரைச்சலுக்கும் சொல்லாது. கல்பாக்கம் அணுமின் நிலையம் இரவு பகல் ஓயாது இயங்குவதால், ஷிப்ட் முடிந்து வந்து பகலில் உறங்குவோர் வாழும் வட்டாரம் இது. கூடத்தின் ஓசையெல்லாம் அவர்கள் படுக்கையறைக் கதவில் வந்து மோதும். அமரும் மூலைக்கு மட்டும் வேண்டிய குளிர்ச்சிக்காக ஏ.சி. கூடம் முழுவதையும் குளிர்விக்க நேரும். அழகுக்கென உயர்த்திய ஒற்றைப் படியோ, கண் மங்கிய முதியவரை இருளில் இடறச் செய்யும்.

இவற்றினும் ஆழ்ந்த விஷயம் ஒன்றுண்டு. சுவர் தானே நிற்கும். குறிப்பெல்லையோ மனிதர் அதனை மதிக்கும்வரையே நிற்கும். பழைய வீட்டில் அதனைக் காத்து நின்றது சம்பிரதாயம். யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் கூடம்வரை வரலாம், பெண்கள் எங்கே ஒதுங்க வேண்டும் என்று சாதியும் ஆசாரமும் விதித்த அநீதியான ஒழுங்கு அது. அவ்வொழுங்கு ஒழியவேண்டியதே. ஆனால் அது காத்த எல்லைகளை இனி வீட்டாரின் பரஸ்பர உடன்பாடே காக்க வேண்டும் என்பதை, தூணையும் முற்றத்தையும் புகழ்ந்து புது வீடு வரைவோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

ஆகவே, பார்வையாலும் நடையாலும் மட்டும் பிரிய வேண்டியவற்றைத் தூணுக்கும் விளக்குக்கும் விட்டுவிடலாம்; புகை, ஓசை, ஏகாந்தம் ஆகியவற்றுக்குக் கதவு வேண்டும். அடுக்களைக்கு நகரும் கண்ணாடிக் கதவு ஒன்றும், படிக்கவோ அழவோ உறங்கவோ ஒருவர் தாழிட்டுக்கொள்ளத்தக்க அறை ஒன்றும் இல்லாத திறந்த வீடு, செலவு செய்து வாங்கிய அசௌகரியமேயாகும்.