வல்லிக்கண்ணனின் அஞ்சலட்டைகள்

வல்லிக்கண்ணன் எல்லோரையும் பாராட்டிவிடுவார் என்பது இலக்கிய அன்பர்களிடையே நெடுநாள் வழங்கிவந்த ஒரு குறை. அக்குறையில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வது, ஜீவனஹள்ளி போன்ற இடங்களில் தமிழ் எழுத முயலும் நம்மவர்க்குப் பயனுடையது எனக் கருதுகிறோம்.

நெல்லைச் சீமையின் இராசவல்லிபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ரா. சு. கிருஷ்ணசாமி (1920–2006) வல்லிக்கண்ணன் என்னும் பெயரில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். எழுத்துக்காகவே அரசுப் பணியைத் துறந்தார், மணம் செய்துகொள்ளவில்லை. கைக்கு வந்தது எந்தச் சிற்றூரின் சிற்றிதழாயினும், எவருடைய முதல் நூலாயினும், படித்துவிட்டு இரண்டு வரி எழுதாமல் இருக்கமாட்டார். அஞ்சலட்டையின் விலைக்கு இவ்வளவு பணி செய்தவர் தமிழில் வேறெவரும் உளரோ, ஐயமே!

அவர் பாராட்டில் தரம் பிரித்தல் இல்லை என்றோர்க்கு நாம் காட்டும் சான்று, 1978ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசினைப் பெற்ற 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' என்னும் நூல். பெயர் பெற்றவரோடு, பெரிதும் அறியப்படாதவரையும் அதில் காண்கிறோம். எல்லாவற்றையும் படிக்கும் பழக்கம் உடையவரால் அன்றி அந்நூலை எழுதியிருக்க இயலாது. கடிதமும் நூலும் ஒரே உழைப்பின் இரு முகங்கள். எனினும் குறை முற்றும் பொய்யன்று. மெலிந்த கதையை மெலிந்தது எனச் சொல்ல அவர் மனம் எளிதில் இடம் தரவில்லை. க.நா.சு. போன்றார் தயவின்றிச் செய்த தரம்பிரிப்பும் தமிழுக்கு வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் தாயகம் விட்டுவந்த ஊரில் நிலை வேறு. கு. அழகிரிசாமி ஐம்பதுகளில் கோலாலம்பூரில் 'தமிழ்நேசன்' பணியில் இருந்தபோது, அங்குள்ள இளம் எழுத்தாளரோடு கூடி அமர்ந்து கதைகளைப் பற்றி உரையாடினார். பாராட்டும் திருத்தமும் ஒரே வாயிலிருந்து வந்தன. கேட்டவர்க்கு மனம் ஒடியவில்லை. தம்மைப் பொருட்படுத்தி ஒருவர் படித்திருக்கிறார் என்பதே அவர்க்கு முதல் ஊக்கம்.

நம் ஜீவனஹள்ளித் தெருக்களில் தமிழ் காதில் விழாத வீடு குறைவு. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளைகளுட் பலர் பள்ளியில் எழுதுவது கன்னடமும் ஆங்கிலமும். தானே முயன்று தமிழெழுத்துக் கற்று ஒரு கவிதை எழுதும் பெண்ணுக்கு, அதைப் படிக்கவல்ல ஒருவர் தன் வீட்டிலேயே இல்லாதிருக்கலாம். அவளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம், கைதட்டுகிறோம். கவிதையின் மூன்றாம் அடியில் ஒரு சொல் இடறுகிறது என்று சொல்ல நம்முள் எவரும் அதைப் படித்திருப்பதில்லை. வல்லிக்கண்ணனைக் குறைகூறுமுன், அவர் பாராட்டியவற்றை முதலில் படித்திருந்தார் என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.