துப்பாக்கி கொடுத்தாச்சு, அப்புறம்?

'கால இயந்திரம் கிடைத்தால்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பாதி வகுப்பு ஏதாவது ஒரு போருக்குப் போய்விடும். தோற்றவர் கையில் நவீன ஆயுதம், உடனே வெற்றி, மூன்றாம் பத்தியோடு கதை காலி. அதற்குமேல் எழுத ஒன்றும் இருக்காது.

ஹாரி டர்ட்டில்டவ் 1992-இல் வெளியிட்ட 'தி கன்ஸ் ஆஃப் த சவுத்' நாவலை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். 2014-ஐச் சேர்ந்த தென்னாப்பிரிக்க வெள்ளை இனவாதக் கும்பல் ஒன்று 1864-க்குப் போகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்கவிருந்த தென்மாநிலப் படைத்தலைவர் ராபர்ட் லீக்கு ஏ.கே.-47 துப்பாக்கிகளைக் கொடுக்கிறது. தெற்கு ஜெயிக்கிறது. ஆனால், அதோடு நாவல் முடியவில்லை. தேர்தல் வருகிறது, அடிமைமுறையை என்ன செய்வது என்ற சண்டை வருகிறது. எதிர்காலத்தில் அச்சான வரலாற்று நூல் ஒன்றும் லீயின் கைக்கு வருகிறது. அடிமைமுறையைப் பிற்கால உலகம் எப்படி வெறுத்தது என்று படித்ததும், துப்பாக்கி கொடுத்தவர்கள் சொன்ன கதை பொய் என்று புரிந்துகொள்கிறார். துப்பாக்கியைவிடப் புத்தகம் அதிகமாகச் சுட்ட இடம் அது. (ஆசிரியர் அல்லவா, எனக்கு அப்படித்தான் தோன்றும்!)

குறையும் அங்கேயே தொடங்குகிறது. நாவலின் லீ அதிபராகி, அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க முனைகிறார். நிஜ லீ அவ்வளவு மென்மையானவரா? 1859-இல் தப்பியோடிப் பிடிபட்ட வெஸ்லி நோரிஸ், லீயின் உத்தரவில் தமக்குச் சவுக்கடி விழுந்ததாக 1866-இல் சாட்சியம் தந்தார். 1862-இல் லீ சிலரை விடுவித்தது உண்மைதான். ஆனால் அது மாமனாரின் உயில் போட்ட நிபந்தனை. மனிதரை நல்லவராக்கிவிட்டால் சிக்கல் சுலபமாகத் தீர்ந்துவிடுகிறது. கதைக்கு வசதி, வரலாற்றுக்கு இடிக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. கதை இருவர் கண்வழியே நகர்கிறது: ஒருவர் லீ, மற்றவர் நேட் காடெல் என்ற படைவீரர், ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இருவருமே வெள்ளையர். யாருடைய விடுதலைக்காக இத்தனை வாதமோ, அவர்களில் ஒருவர் பார்வையிலும் கதை நடக்கவில்லை.

தேர்வு எழுதும் தம்பி தங்கைகளே, அடுத்த முறை கால இயந்திரத்தில் ஏறினால், போரை முதல் பத்தியிலேயே முடித்துவிடுங்கள். மறுநாள் காலையில் தொடங்கி, அந்த ஊரில் யாரும் கருத்துக் கேட்காத ஒருவரைப் பேச விடுங்கள்.