‘வேர்ல்ட் வார் இசட்’: நாவலில் பல குரல்கள், படத்தில் ஒரே நாயகன்

மேக்ஸ் புரூக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘வேர்ல்ட் வார் இசட்’ நாவலில் கதாநாயகன் என்று எவருமில்லை. ஜாம்பிகளுடனான போர் ஓய்ந்தபின் ஐ.நா. சார்பில் ஒருவர் நாடு நாடாகச் சென்று, பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்கிறார். முதல் நோயாளியைக் கண்ட சீன மருத்துவரும், போலித் தடுப்புமருந்து விற்றுச் செல்வம் குவித்த அமெரிக்க வணிகரும் அதில் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் பற்றி ஸ்டட்ஸ் டெர்க்கல் தொகுத்த வாய்மொழி வரலாறே இந்த வடிவத்துக்கு முன்மாதிரி.

மார்க் ஃபார்ஸ்டர் இயக்கிய 2013ஆம் ஆண்டுத் திரைப்படம் இவ்வடிவத்தைக் கைவிட்டது. பிராட் பிட் நடித்த ஜெரி லேன் என்ற முன்னாள் ஐ.நா. புலனாய்வாளர், பேரழிவின் நடுவிலேயே தென்கொரியா, ஜெருசலேம், வேல்ஸ் என்று அலைகிறார். நாவலில் தள்ளாடி நடக்கும் ஜாம்பிகள் இங்கே பாய்ந்தோடுகின்றன. கடிபட்டவர் சில நொடிகளில் மாறிவிடுகிறார். பதற்றத்தைக் கூட்ட இந்த மாற்றம் பெரிதும் உதவுகிறது. ஜெருசலேம் மதிலில் எறும்புச்சாரையாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும் உடல்களின் காட்சி மறக்க முடியாதது.

படத்தின் மிகச் சிறந்த பகுதி அதன் கடைசிப் பகுதி. முதலில் மாஸ்கோவில் நடக்கும் பெரும்போரே முடிவாகப் படமாக்கப்பட்டது. அது நிறைவளிக்காததால் டேமன் லிண்டலாஃபும் ட்ரூ காடர்டும் வேறொரு முடிவை எழுதினர். 2012 டிசம்பரில் வரவேண்டிய படம் 2013 ஜூனுக்குத் தள்ளிப்போனது. புதிய முடிவில் கார்டிஃப் ஆய்வகத்தின் தாழ்வாரங்களில் காலடி ஓசைகூடக் கேட்காமல் சிலர் நகர்கிறார்கள். நகரங்கள் சரியும் காட்சிகளைவிட அந்த அமைதி கூடுதலாக அச்சுறுத்துகிறது.

இழப்பும் பெரியது. யாங்கர்ஸ் போரில் நவீன ஆயுதங்கள் ஏன் தோற்றன என்பதை நாவல் விரிவாக ஆராய்கிறது: எதிரியை அச்சுறுத்திப் பணியவைக்கும் போர்முறை, அச்சமே அறியாத எதிரியிடம் செல்லுபடியாகவில்லை. இஸ்ரேல் பாலஸ்தீனர்களுக்கும் கதவைத் திறந்ததால் அங்கு மூண்ட உள்நாட்டுப் போரையும் அது சொல்கிறது. படத்தில் மதிலும் திறந்த வாயிலும் உண்டு, அந்த உள்நாட்டுப் போர் இல்லை. அரசுகளின் பொய்யும் பிடிவாதமும் எப்படிப் பேரழிவாக முற்றின என்ற கேள்வி, ஒருவர் தீர்வைத் தேடிச் செல்லும் பயணமாகச் சுருங்கிவிட்டது. ஜெரியின் மனைவியாக நடித்த மிரேய் ஈனோஸுக்குக் கப்பலில் தொலைபேசிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. கொடிய நோயுற்றவரை ஜாம்பிகள் தீண்டுவதில்லை என்ற தீர்வும் எளிதில் கிட்டிவிடுகிறது.

விறுவிறுப்பான படமாக இது வெற்றி, தழுவலாகத் தோல்வி. படத்தைப் பார்த்து முடித்தவர்களும் நாவலைப் படிக்க வேண்டும். அதன் கதை ஏறத்தாழ முழுவதும் அவர்களுக்குப் புதிதாகவே இருக்கும்.