அயலார் மேடையில் நம் மத்தளம்

சென்ற ஆடியில் திருத்தணியை அடுத்து, நகரி செல்லும் சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில் பாரதக் கூத்து நடந்தது. நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பிய நான் சற்று நேரம் நின்று பார்த்தேன். கட்டியக்காரன் தமிழில் தொடங்கிய வேடிக்கையைத் தெலுங்கில் முடித்தான். கூடியிருந்தோர் அனைவரும் ஒருசேரச் சிரித்தனர். 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்து, எல்லைப் போராட்டத்துக்குப் பின் தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறதென்று மத்தளத்துக்குத் தெரியவில்லை. அவ்விரவில் என் நினைவுக்கு வந்தவர் சிங்கள நாடகாசிரியரும் நாவலாசிரியருமான எதிரிவீர சரச்சந்திர.

அவரைப் பற்றி எழுதப்போவதாக, ஈழத்திலிருந்து ஏதிலியாக வந்து நம்மிடையே வாழும் முதியவர் ஒருவரிடம் கூறினேன். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்தவர். இளமையில் தம் கோவில் திருநாளில் மூவிராசாக்கள் கூத்தில் வேடம் கட்டியவர். "சுவாமி, எங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய நாடகத்தை நாங்கள் ஏன் போற்ற வேண்டும்?" என்று கேட்டார். வீட்டையும் உறவையும் இழந்த ஒருவரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இக்கட்டுரை அவருக்குச் சொல்ல முயலும் விடையேயாகும்.

சரச்சந்திர 1914 சூன் 3ஆம் நாள் காலிக்கு அருகிலுள்ள தொடந்துவ என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யூஸ்டஸ் ரெஜினால்ட் டி சில்வா. கிறிஸ்தவப் பள்ளிகளில் பயின்று, பல்கலைக்கழகக் கல்லூரியில் பாளியும் வடமொழியும் சிங்களமும் கற்றார். பின்னர் தாகூரின் சாந்திநிகேதனத்துக்குச் சென்று இசையும் மெய்யியலும் பயின்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். 1988இல் மகசேசே விருது பெற்ற அவர், 1996 ஆகஸ்டு 16இல் மறைந்தார்.

தொடக்கத்தில் அவர் கோகோல், மோலியேர் ஆகியோரின் நாடகங்களைத் தழுவி மேடையேற்றினார். அவை சிரிக்க வைத்தன. ஆனால் தம் மண்ணின் குரல் அவற்றில் இல்லை என்று உணர்ந்தார். ஆகவே, சிங்களச் சிற்றூர்களின் ஆட்டங்களையும் சடங்குகளையும் தேடிச் சென்று ஆராய்ந்தார். அத்தேடலில் அவர் கண்டெடுத்த வடிவமே 'நாடகம' என்பது. பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். அது தமிழ்க் கூத்திலிருந்து சிங்களக் கடற்கரைக்குச் சென்ற வடிவம். அதனைக் கொண்டுசென்றதில் கத்தோலிக்கருக்குப் பெரும் பங்குண்டு என்பது ஆய்வாளர் கருத்து. மிகப் பழைய நாடகமங்களுள் ஒன்று, சிலாபத்தைச் சேர்ந்த கபிரியேல் பெர்னாந்து இயற்றியதாகச் சொல்லப்படும் மூவரசர் நாடகம். பெத்லகேமுக்கு வழிதேடிய ஞானிகளின் கதையன்றோ அது! மன்னார் முதியவர் வேடம் கட்டிய அதே கதை சிங்களத்திலும் ஆடப்பட்டது. புனித யோசேப்பு வாஸ் அடிகளும் அவர்வழி வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளும் இரு மொழிகளையும் கற்று நற்செய்தி உரைத்த கடற்கரையில், இரு மொழிக் கூத்தும் ஒரே பந்தலில் வளர்ந்ததில் வியப்பில்லை.

பல இரவுகள் நீண்ட அவ்வாட்டத்தைச் சரச்சந்திர சில மணி நேரத்துக்குள் செறிவாக்கினார். கட்டியம் கூறும் 'பொத்தே குரு'வையும் மத்தளத்தையும் பாட்டையும் காத்துக்கொண்டார். பழைய நாடகமத்தில் தேர்ந்த சார்ல்ஸ் சில்வா குருன்னான்சே என்னும் அண்ணாவியாரிடம் தம் மாணவர்களைப் பயிற்றுவித்தார். இவ்வாறு உருவான 'மனமே', 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது.

கதை புத்த சாதகக் கதைகளுள் ஒன்று. தட்சசீலத்தில் கல்வி முடித்த மனமே இளவரசன், ஆசானின் மகளை மணந்து காட்டு வழியே ஊர் திரும்புகிறான். வேட அரசன் வழிமறித்து அவளைக் கேட்கிறான். போரில் அவனை வீழ்த்திய இளவரசன், மனைவியிடம் வாளைக் கேட்கிறான். தனித்து நின்று போரிட்ட வேடன்மேல் இரக்கம் கொண்ட அவள், அவனைக் கொல்ல வேண்டாம் என்று தயங்குகிறாள். அத்தயக்கத்துக்குள் வாள் வேடன் கைக்குச் சென்றுவிடுகிறது, இளவரசன் மாள்கிறான். பழங்கதை பெண்ணின் வஞ்சகம் என்று இதனைத் தீர்த்துவிடுகிறது. சரச்சந்திர தீர்ப்பிட மறுக்கிறார். அது வஞ்சகமா, இரக்கமா, கணநேரச் சபலமா? அவையோரே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார். இளவரசனின் பெயர் தமிழ்க் காதுக்கு நெஞ்சை விளிக்கும் சொல்லாகக் கேட்பது தற்செயலே. எனினும் பொருத்தமான தற்செயல். ஒப்புரவுத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்தவன் என்ற முறையில் சொல்வேன்: மனித நெஞ்சம் தான் செய்ததன் காரணத்தைத் தானே அறியாத நேரங்கள் உண்டு.

சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1956இல்தான் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்க வேண்டும். சட்டம் தமிழை வெளியேற்றிய ஆண்டிலே, சிங்களப் பண்பாட்டின் மறுமலர்ச்சி என்று கொண்டாடப்பட்ட நாடகம் தமிழ்க் கூத்தின் அடவோடும் மத்தளத்தோடும் அரங்கேறியது.

1961இல் வந்த 'சிங்கபாகு'வை இன்னும் உயர்வாக மதிக்கிறேன். சிங்கத்துக்கும் மானிட இளவரசிக்கும் பிறந்த மகன், தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு குகையை விட்டு வெளியேறுகிறான். அவர்களைத் தேடி ஊர்களை அழித்துவரும் தந்தையை அவனே அம்பெய்து கொல்கிறான். இது சிங்கள இனத்தின் தோற்றக் கதை. வெற்றி முழக்கமாகப் பாடியிருக்கலாம். சரச்சந்திரவோ பிள்ளைகளை இழந்த தந்தையின் புலம்பலை நாடகத்தின் இதயமாக்கினார். மகன்மேல் அன்பு பொங்கும்வரை அம்பு சிங்கத்தைத் துளைப்பதில்லை. சினம் எழுந்தபின்பே துளைக்கிறது. எதிர்த்தெழுந்த அப்சலோமுக்காகக் கதறிய தாவீது அரசரை இங்கே நினையாதிருக்க இயலுமா?

நாவலிலும் அவர் இவ்வறத்தையே பேணினார். ஜப்பானைக் களமாகக் கொண்ட 'மளகிய எத்தோ' (1959), இலங்கை ஓவியர் ஒருவருக்கும் நொரிக்கோ என்னும் பெண்ணுக்கும் இடையே மலர்ந்து நிறைவேறாத அன்பை ஓவியரின் பார்வையில் சொல்கிறது. 'மளவுங்கே அவுருது தா' (1965) அதே கதையை அப்பெண்ணின் பார்வையில் மீண்டும் சொல்கிறது. மறுபக்கத்தாரும் பேசி முடிக்கும்வரை கதை முடியவில்லை என்பது அவர் கொள்கை போலும்.

குறையும் உண்டு. தீவு எரிந்த காலத்தில் அவருடைய சிறந்த நாடகங்கள் பழங்கதைகளுக்குள்ளேயே நின்றன. தமிழர் துயர் அவர் மேடையின் நடுவே வரவில்லை. கோழை என்று அவரைச் சொல்ல முடியாது. 1982இல் வெளிவந்த 'தர்மிஷ்ட சமாஜய' என்னும் நூலில் அன்றைய ஆட்சியின் போலி அறத்தைச் சாடினார். அக்காலத்தில் பொதுக்கூட்டமொன்றில் குண்டர்களால் தாக்கவும் பட்டார். ஆயினும், நாடகமத்தின் தமிழ் வேரைத் தம் ஆய்வில் எழுதிய அறிஞர், அக்கடனை அவையோர் மறவாதபடி மேடையிலும் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அவர் ஏற்றிய விளக்கு நம் பக்கமும் ஒளி தந்தது. அவரது வெற்றியால் ஊக்கம் பெற்ற பேராதனைத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைச் செம்மைப்படுத்தி நகர மேடைக்குக் கொண்டுவந்தார். கொடுத்தவர் வீட்டுக்கே விதை திரும்பியது.

இவற்றையெல்லாம் மன்னார் முதியவரிடம் எடுத்துரைத்தேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவர்கள் மூவிராசாக்களை என்ன மெட்டில் பாடினார்கள், சுவாமி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் தம் மெட்டை மெல்லப் பாடிக் காட்டினார். இழந்தவரிடம் மன்னிப்பைக் கட்டளையாகக் கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அயலார் பாடலைக் கேட்க வேண்டும் என்ற ஆவல் அவருக்குள் பிறந்ததைக் கண்டேன். விண்மீனைப் பின்பற்றிய மூவரும் வெவ்வேறு நாட்டவர் என்றே நம் மரபு சொல்கிறது. அவர்கள் சென்று சேர்ந்த தொழுவம் ஒன்றே.